பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய பெட்டி

எங்கள் வீடு மதுரை மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில். "பஸ் சத்தத்துல எப்படித்தான் தூங்குறீங்களோ!" என்று கேட்பவர்கள்தான் அதிகம். 1999-இல் இங்கே பேருந்து நிலையம் வந்ததிலிருந்து ஊருக்கெல்லாம் மாட்டுத்தாவணி என்றால் பஸ் ஸ்டாண்டு. ஆனால் என் மாமியாருக்கு இன்றைக்கும் இது மாட்டுச் சந்தைதான். தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறு. அந்தக் கயிறு கட்டின இடம் சந்தையாகி, சந்தையே இடத்துக்குப் பேராகிவிட்டது. அத்தையின் அப்பா இங்கே மாடு பிடிக்க வருவாராம். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்குள் விரலைத் தொட்டு விலை பேசி... இந்தக் கதைகளைக் கேட்டுக்கொண்டேதான் நான் பதினோரு வருஷமாக இந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறேன்.

அப்படிப்பட்ட வீட்டு மருமகள், பழைய சாமான் ஒன்றைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கி வந்து பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்கத் தோன்றினால் சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு வெகுநாளாக ஒரு பெட்டி பெஞ்சு வாங்க வேண்டும் என்று ஆசை. கிராமத்து வீடுகளில் பார்த்திருப்பீர்கள்; மேலே உட்காரலாம், பலகையைத் தூக்கினால் உள்ளே பாய், தலையணை, ஜமுக்காளம் எல்லாம் அடங்கிவிடும். புதிதாகச் செய்யச் சொன்னால் தச்சர் கேட்ட கூலி மலைப்பாக இருந்தது. பழைய வீடுகளை இடித்து எடுத்த கதவு, ஜன்னல், தூண் எல்லாம் விற்கும் ஒரு கடையில், தூசியும் ஒட்டடையுமாக ஒன்று கிடந்தது. நல்ல தேக்கு. ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்து, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது.

துடைத்து, எண்ணெய் போட்டு, ஜமுக்காளங்களை அடுக்கிப் பார்த்தேன். கணக்கு உதைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டிக்கு ஆழம் அதிகம். உள்ளே கையை விட்டால் ஒரு சாண் குறைகிறது! அடிப்பலகை மற்றப் பலகைகளின் நிறத்தில் இல்லை. மற்ற இடமெல்லாம் மர ஆணி; அதில் மட்டும் கம்பி ஆணி, அதுவும் கோணல் மாணலாக அடித்திருந்தது. தச்சர் கை அடித்த ஆணி இல்லை அது.

"கரையான் இருந்தாலும் இருக்கும்ங்க. பலகையைக் கழட்டிப் பாருங்களேன்" என்றேன் அவரிடம்.

அவர் கழற்றினார். உள்ளே ஒரு தோல் பெட்டி. ஒரு பக்கம் அகலம், போகப் போக ஒடுக்கம். என் சின்ன மகள் கைதட்டினாள். "அம்மா, வயலின்!"

வயலின் இல்லை. நைந்த வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு துண்டாகக் கழற்றி வைத்த இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி.

பாங்க் வாசலில் காவல்காரர் தோளில் மாட்டியிருப்பாரே, அந்த மாதிரிதான். ஆனால் இது பழசு. இரும்பில் கொடியும் பூவுமாகச் செதுக்கியிருந்தது. பர்மிங்ஹாம் என்று ஊர்ப் பெயர் படிக்க முடிந்தது. குழல் முழுக்க ஆற்றுத் தண்ணீரில் அலை ஓடினாற்போல் ஒரு வரி. துரு என்று நினைத்துச் சேலைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. கூடவே ஒரு காக்கித் துணி வார். அதில் சின்னச் சின்ன வளையம். வளையத்தில் சிவப்புக் காகிதம் சுற்றிய தோட்டாக்கள். அடியில் பித்தளை மூடி.

எனக்கு எதையும் எண்ணும் பழக்கம். வெளுக்கப் போடும் துணி, கழுவி வைத்த கரண்டி, எதுவானாலும் எண்ணிவிடுவேன். தோட்டாவையும் எண்ணினேன். ஏழு.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய மாநாடு. அவருக்குக் கண்ணெல்லாம் மினுமினுப்பு. "ஹால் சுவத்துல மாட்டினா எப்படி இருக்கும் தெரியுமா! நூறு வருஷத்துப் பொருள்." கொழுந்தனார் போனில் சொன்ன யோசனை வேறு மாதிரி. "அண்ணி, சும்மா இருங்க. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை 1980-கள்லயே நிறுத்திட்டாங்க. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிக்கு அவ்வளவு கிராக்கி. எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, சத்தமில்லாம முடிச்சிரலாம். லட்சக்கணக்குல போகும்."

பொய் சொல்லக்கூடாது. லட்சம் என்றதும் என் மனசும் ஒரு நிமிஷம் ஆடியது. பெரியவன் பள்ளிக்கூடப் பீஸ், அடகில் இருக்கும் என் வளையல், ஒழுகுகிற மாடி... எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றன. "காலையில பாத்துக்கலாம்" என்று அவர் அதைப் பீரோவின் தலையில் தூக்கி வைத்தார். நானும் சரி என்றேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

மறுநாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். எனக்கு முறுக்கு சுடும் வேலை. மத்தியானம் ஏதோ உறுத்தலாக இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பீரோ மேலே பார்த்தேன். வார் இருந்தது. எண்ணினேன்.

ஆறு.

திரும்ப எண்ணினேன். ஆறுதான். வயிற்றில் யாரோ கையை விட்டுப் பிசைந்த மாதிரி இருந்தது. கீழே இறங்கினேனா, விழுந்தேனா, நினைவில்லை. "தம்பி! தம்பீ!" என்று கத்திக்கொண்டே மாடிக்கு ஓடினேன்.

மொட்டை மாடியில் என் மகன், ஒன்பது வயசு, பட்டாசை வெயிலில் காயப் போட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருந்தான். என் பெரிய முறம் நிறைய லட்சுமி வெடி, சரவெடி, புஸ்வாணம். நடுவிலே, மற்றதற்கெல்லாம் தலைவன் மாதிரி, அந்தச் சிவப்புத் தோட்டா.

"அம்மா, இது பெரிய வெடி போலம்மா. திரிதான் இல்ல. பேப்பரைச் சுருட்டி வச்சுக் கொளுத்தலாம்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னான். தீபாவளி அன்னைக்குக் கடைசியா வைக்கலாம்னு எடுத்து வச்சேன்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவன் மேல் என்ன தப்பு? சிவப்புக் காகிதம், உருளை வடிவம், உள்ளே மருந்து. பட்டாசுக்கும் அதுக்கும் ஒரு பிள்ளைக்கு என்ன வித்தியாசம் தெரியும்? தோட்டாவைத் தனியாகத் துணியில் சுற்றி எடுத்தேன். பிள்ளைகள் இருவரையும் கீழே கூட்டி வந்து அத்தையிடம் விட்டேன். ஆறோடு ஏழையும் சேர்த்து வைத்து அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வரும் வரை எழுந்திருக்கவில்லை. முறுக்கு மாவு புளித்தே போயிற்று.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏத்தா, மாட்டுத்தாவணியில குடியிருந்துக்கிட்டு, பல்லைப் பிடிச்சுப் பாக்காம வாங்கிட்டு வந்துட்டியே" என்றார். திட்டுகிற குரலில் இல்லை. என் முதுகைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் தெருவில் ஒரு வக்கீல் தம்பி இருக்கிறார். ஒத்தக்கடைப் பக்கம் ஐகோர்ட் கிளைக்குத் தினமும் போய் வருபவர். ராத்திரியே அவரை வரவழைத்தோம். அவர் சொன்னதையெல்லாம் கேட்டு எங்கள் இருவருக்கும் வேர்த்துவிட்டது.

"அண்ணே, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமத் துப்பாக்கி வீட்டுல இருக்கவே கூடாது. 2019-ல திருத்தின பிறகு தண்டனை ரெண்டு வருஷத்துக்குக் குறையாம அஞ்சு வருஷம் வரைக்கும்."

"பழங்காலப் பொருள்தானே தம்பி? அதுக்கு விலக்கு உண்டுன்னு சொல்வாங்களே?" என்றார் இவர், விட மனசில்லாமல்.

"உண்டுண்ணே. ஆனா பழுது பார்த்தாலும் சுட முடியாதுங்கற பொருளுக்குத்தான் அந்த விலக்கு. இதுக்கு இன்னைக்கும் கடையில தோட்டா கிடைக்குது. வயசு நூறானாலும் இது துப்பாக்கிதான்."

"குடகுல வீட்டுக்கு வீடு வச்சுப் பூஜை போடறாங்களாமே?"

"அவங்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே தனி விலக்கு இருக்குண்ணே. நமக்குக் கிடையாது. பழைய துப்பாக்கியை முறையா வாங்கவும் வழி இருக்கு. வாங்கறவர் கையில முதல்ல லைசென்ஸ் இருக்கணும். மாவட்டங்கள்ல கலெக்டர் கொடுப்பார், மதுரை மாதிரி நகரத்துல போலீஸ் கமிஷனர். விக்கறவர் எழுத்துல தகவல் கொடுத்து நாப்பத்தஞ்சு நாள் ஆன பிறகுதான் கை மாத்தணும். சத்தமில்லாம முடிக்கிற வியாபாரம் இல்லை இது."

கொழுந்தனாரின் லட்சங்கள் அங்கேயே பறந்துவிட்டன.

"கண்மாயில தூக்கிப் போட்டுட்டா?" என்றேன் நான், தயங்கித் தயங்கி.

"அக்கா, நாளைக்குக் கண்மாயில ஒரு பிள்ளை எடுக்கும். போலீசுக்குச் சொல்றதுதான் ஒரே வழி. ஆனா நீங்க தூக்கிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிடாதீங்க. ஆட்டோவுல லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோட போறதே தப்பு. இருந்த இடத்துல இருக்கட்டும். போன்ல சொன்னா அவங்களே வருவாங்க."

போன் செய்தோம். சகோதரிகளே, போலீஸ் ஜீப் வாசலில் நிற்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எப்படிப்பட்ட விஷயம் என்று உங்களுக்கே தெரியும். எதிர் வீட்டு ஜன்னல், பக்கத்து வீட்டு மாடி, எல்லா இடத்திலும் தலைகள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வந்தவர்கள் கௌரவமாகவே நடந்துகொண்டார்கள். பெஞ்சு வாங்கின ரசீதைப் பார்த்தார்கள். எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, எங்களுக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

வந்தவர்களில் வயசான ஏட்டையா ஒருவர். ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவராம். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எனக்கு நிறையச் சொன்னார். இது பன்னிரண்டு போர் துப்பாக்கியாம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஒரு உருண்டை என்ன பருமனோ, அதுதான் குழலின் வாய். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு இல்லை, ரவை. நம் சமையல்கட்டு ரவை இல்லை, ஈய ரவை! வெளியே வந்ததும் சிதறிப் பாயும்.

"இந்த அலை அலையா இருக்கிறது துரு இல்லம்மா. இரும்பையும் எஃகையும் கம்பியாக்கி, நீங்க சடை பின்றாப்ல முறுக்கிச் சேர்த்து அடிச்ச குழல். அந்தக் காலத்துக் கருமருந்துக்குச் செஞ்சது. இதுல இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டா குழலே வெடிச்சாலும் வெடிக்கும். சுடறவன் கையே போயிடும். இதைப் போய் வீட்டுல மாட்டலாம்னு பாத்தீங்களே சார்" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு ஏட்டையா நெற்றியைச் சுருக்கினார். "முன்கட்டையைக் காணோமே. குழலுக்கு அடியில கையில பிடிக்கிற மரத்துண்டு ஒண்ணு இருக்கும். இதுல இல்ல."

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். இல்லை.

தீபாவளி வந்தது, போயிற்று. பொங்கலும் போயிற்று. மாசிக் கடைசியில் ஒருநாள் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன். பெஞ்சியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சேலை, பாம்படம் போட்டுத் தொங்கின காது, பக்கத்தில் மகள்.

துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணை வைத்துப் பழைய பதிவேட்டைப் புரட்டியும், கடைக்காரரிடம் விசாரித்தும் கண்டுபிடித்திருக்கிறார்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் லைசென்ஸ் வைத்திருந்தவர் செத்து முப்பது வருஷம் ஆகிறதாம். இவர் அந்த வீட்டு ஆச்சி.

என்னைப் பார்த்ததும், "உன் வீட்டுலயா தாயி கெடச்சுச்சு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே சொன்னார்.

"அவரு போன மறு வருசம் பாகப் பிரிவினை. எனக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளை. கெணத்து மேட்டு நெலத்துக்குச் சண்டை. ஒருநா ராத்திரி மூத்தவன் குடிச்சிட்டு வந்து, 'அய்யா துப்பாக்கி எங்கே'ன்னு கேட்டான். எனக்கு ஈரக்கொலையே ஆடிப் போச்சு. 'கெணத்துல போட்டுட்டேன்டா'ன்னேன். மறுநா கெணத்துல எறங்கித் தேடினான். நான் அதுக்குள்ள பெட்டிக்கு அடியில வச்சு நானே ஆணி அடிச்சிட்டேன். அது மேலதான் வருசக்கணக்கா உக்காந்திருந்தேன்."

கோணல் மாணலாக அடித்த கம்பி ஆணிகள் என் கண் முன்னால் வந்தன.

"முன்கட்டை?" என்று கேட்டேன்.

பாட்டி லேசாகச் சிரித்தார். "அடுப்புல வச்சேன். பூட்டிச் சுட முடியாமப் போகட்டும்னு. அன்னைக்கு அதுலதான் பிள்ளைகளுக்கு வெந்நி போட்டேன்."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பவே போலீசுல கொடுத்திருக்கலாமே ஆச்சி?" என்றேன்.

"பொம்பள டேசன் வாசப்படி ஏறுனா ஊரு என்ன சொல்லும் தாயி? பிள்ளைக மானம் என்னாகும்? யாருகிட்டயும் சொல்லல. பெறகு நான் மகவீட்டுக்கு வந்துட்டேன். அவனுக வீட்டை வித்தப்ப எனக்குச் சொல்லக்கூட இல்ல. பெட்டியும் போயிருச்சு. அது எங்க போச்சோ, யாரு கையில மாட்டுச்சோன்னு ராத்திரி ராத்திரி முழிச்சுக் கெடந்திருக்கேன்."

அந்த ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு பிள்ளைகளையும் காப்பாற்றினவர் அவர். ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று அன்றைக்கு அவர் ஏறாத அந்த வாசற்படிதானே, முப்பது வருஷம் கழித்து என் மகன் முறத்தில் வந்து உட்கார்ந்தது? கண்மாயில் போட்டுவிடலாமா என்று கேட்ட நானும் அதே பயத்தைத்தானே மடியில் கட்டிக்கொண்டிருந்தேன்?

வீட்டுப் பெரியவர் லைசென்சோடு துப்பாக்கி வைத்திருந்து காலமாகிவிட்டால், பிறகு பார்க்கலாம் என்று அதைப் பரணில் ஏற்றாதீர்கள். தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதனால் உரிமை போய்விடாது. 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். முறையாக வைத்திருக்கும் வீடுகளிலும் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், சாவி பிள்ளைகள் அறியாத இடத்தில் இருக்கட்டும். 'உள்ளே ஒண்ணும் இல்லை' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பழைய தோட்டா கிடைத்தால் உடைக்கவோ, நெருப்பில் போடவோ, புதைக்கவோ வேண்டாம். பிள்ளைகளை விலக்கி, அறையைப் பூட்டி, போன் செய்யுங்கள்.

துப்பாக்கி மட்டும்தானா? பழைய பீரோ, பழைய டிரங்குப் பெட்டி, பழைய மேஜை எது வாங்கினாலும், பிள்ளைகள் கைக்குப் போகும் முன்னால் இழுப்பறை, அடிப்பலகை எல்லாவற்றையும் நீங்களே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். மருந்துச் சீசா இருக்கலாம், பூச்சிக்கொல்லி இருக்கலாம், துருப்பிடித்த பிளேடு இருக்கலாம். யார் எதை எந்தப் பயத்தில் ஒளித்து வைத்தார்களோ, நமக்கு என்ன தெரியும்?

அன்று விடைபெறும்போது ஆச்சி கேட்டார்: "அந்தப் பெட்டியை என்ன செஞ்சே தாயி? தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல ஆச்சி. அடிப்பலகை மாத்தி, அதுமேலதான் உக்காந்து பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுறேன்" என்றேன்.

"நல்லாருக்கட்டும்" என்று என் தலையில் கை வைத்தார். அன்று ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். நானும் தூங்கினேன்.